கன்னியம்மா நார் அடைத்த ஃபில்டர்

நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது இருக்கிறவர்களில் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வாங்கியிருக்கும் பிக்கப் லாரியின் ஏர் ஃபில்டரைக் கழற்றும்போது என் பேச்சு வந்ததாம்.

"அண்ணே, யுத்த டைம்ல கரி வண்டிக்கு நீங்க வூட்லயே ஃபில்டர் மாத்துவீங்களாமே? அத்த நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிக் குடுங்கண்ணே."

"நா நாலாங் கிளாஸுப்பா" என்றேன்.

"நாங்க மட்டும் இன்னா பி.ஏ.வா?" என்று சிரித்தார்கள். காப்பி குடித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஃபில்டர் மாற்றிய விதத்தைக் கேட்டார்கள், எழுதுகிறேன். அதை எழுதினால் என் மனைவி கன்னியம்மாவைப் பற்றியும் எழுதித்தான் ஆகவேண்டும். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசியது அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்தவன் நான். திரும்பக் கொண்டுவர வழி தெரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. வண்டி துடைத்தேன், டயர் கழற்றினேன், பிறகு டிரைவிங் லைசென்ஸ் வாங்கினேன். ஆழ்வார்பேட்டைப் பட்டறையில் நான் சேர்ந்தபோது அங்கே ஃபோர்மேன் கவுஸ் பாய். அவர் வேலையை விடுகிறவரை அவருக்குக் கீழேதான் இருந்தேன்.

பாய் யாரையும் திட்ட மாட்டார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று சொன்னால், ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற குழாயைக் கழற்றச் சொல்வார். கைக்குட்டையை விரலில் சுற்றி உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். வெள்ளையாக வந்தால் மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார். கறுப்பாக வந்தால் அதே மாதிரி நாலாக மடித்து நம் சட்டைப் பையில் வைப்பார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். நாம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து மறுநாள் காலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடி வாங்கியிருந்தால்கூட அத்தனை வெட்கமாக இருந்திருக்காது. எனக்கோ சும்மா நாலு பேர் பார்த்தாலே கை கால் ஓடாது.

அந்தக் கைக்குட்டைகளைத் துவைத்தவள் கன்னியம்மா. "இன்னாய்யா, இன்னிக்கும் பரிசு குட்த்துட்டாரா?" என்பாள். நான் கால் கழுவப் போய்விடுவேன். எங்கள் பேச்சு அந்த மட்டில்தான் இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிக்கூட நாங்கள் பேசியதில்லை. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தா" என்பேன், திரும்பிப் பார்ப்பாள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் கரி அடுப்பைக் கட்டினார்கள். இப்போது இருக்கிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் மரக்கரியைக் கொட்டி மூட்டினால் ஒரு காஸ் வரும். அந்த காஸில்தான் வண்டி ஓடும். காஸோடு சாம்பலும் கரித்தூளும் சேர்ந்து வரும். அது எஞ்சினுக்குள் போனால் மணல் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி சிலிண்டரைத் தின்றுவிடும். அதனால் நடுவில் ஒரு பீப்பாய் ஃபில்டர். அதற்குள் தேங்காய் நாரை எண்ணெயில் லேசாக நனைத்து அடைத்திருப்போம். இதுபோக, எஞ்சின் இழுக்கிற வெளிக்காற்றுக்கு அதன் வாயிலேயே ஒரு சின்ன ஏர் ஃபில்டர். அதன் அடிக்கிண்ணத்தில் எண்ணெயும் மேலே கம்பி வலையும் இருக்கும். இரண்டையும் வாரம் ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும்.

பட்டறைக்குச் சொந்தமான லாரியை நான்தான் ஓட்டினேன். பட்டறைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நாரை அதில் அலசினால் பிசுபிசுவென்று இருக்கும். மயிலாப்பூரில் தண்ணீர்துறைக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு. "சனிக்கெழம சாயங்காலம் வண்டிய உன் வூட்டுக்கு எட்த்துக்கினு போ. ஞாயித்துக்கெழம காலைல பண்ணு" என்றார் பாய். கூடவே இரண்டு விரலை நீட்டி இரண்டு விஷயம் சொன்னார்.

"தலைக்கு மேல கூரை இருந்தா மூடியத் தொறக்காதே. தீ அணைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆவலேன்னா தொறக்காதே. அந்த காஸ் ஆளக் கொன்னுடும். அதுக்கு வாசனை இல்ல, கலர் இல்ல. பாம்புக்காவது சத்தம் கீது, இதுக்கு அதுவும் இல்ல. சமஜா?"

"ஆகட்டும் பாய்" என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தில் வண்டியை நிறுத்திப் பீப்பாயைத் திறந்தேன். பழைய நாரை எடுத்துவிட்டுப் புது நாரைக் கை நிறைய அள்ளித் திணித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"இன்னா திணிக்கிறே?"

"நாரு."

"அது தெரியுது. நடுவுல கொண்டுபோய் மூட்ட மாதிரி திணிச்சா ஓரமெல்லாம் காலியாக் கீதே. தூசி ஓரமாத்தானே நொழையும்?"

அவள் அப்பாவுக்கு மெத்தை தலையணை தைக்கிற தொழில். கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள் இலவம் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவள். நான் எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்து நாரை விரலால் கோதிக் கோதிப் பூவாக்கினாள். முதலில் ஓரம் சுற்றிலும் வைத்து விரல் முட்டியால் அழுத்தினாள். "மொதல்ல மூல. நடு தானா ரொம்பும். தலகாணியிலயும் அப்படித்தான்" என்றாள்.

திங்கட்கிழமை பாய் கைக்குட்டையை விட்டுச் சுற்றினார். வெள்ளையாக வந்தது. இன்னொரு முறை விட்டார். வெள்ளை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் அடைச்சது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தங்கச்சிக்கு என் சலாம் சொல்லு" என்றார்.

அதைப் போய்ச் சொன்னபோது கன்னியம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பிறகு ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். காலையில் அவள் பெரிய தாம்பாளத்தை வெளியே கொண்டுவந்து வைப்பாள். சலவை சோடா கரைத்த வெந்நீரில் நாரை அலசி வெயிலில் உலர்த்துவோம். அது காய்கிறவரைக்கும் ஏர் ஃபில்டரின் கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவுவேன். அவள் எதிரே உட்கார்ந்து நார் கோதுவாள். கை வேலையாக இருந்தால் எனக்கு வாய் வரும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பட்டறையில் நடந்ததை எல்லாம் சொல்வேன். அவள் கேள்வி கேட்பாள். காஸ் எப்படிக் கரியிலிருந்து வருகிறது என்பாள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்வேன். தெரியாவிட்டால், "அப்ப பாயண்ட கேட்டுக்கினு வா" என்பாள்.

பக்கத்து வீட்டு ராஜாமணி வாசலில் நின்று வம்பு பண்ணுவாள். "இன்னாடி, ஊர்ல இருக்கிறவ எல்லாம் புருஷனுக்கு எண்ண தேச்சா, நீ வண்டிக்குத் தேய்க்கிறே?"

"புருஷன் முணுமுணுப்பான். வண்டி சொன்னபடி கேக்கும்" என்பாள் இவள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. கூப்பனில் கிடைத்த பெட்ரோலில் ஒரு வாய் விட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஏர் ஃபில்டரின் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிட்டால் எல்லாம் சரி. நிற்காமல் ஓடினால் வேறு எங்கோ ஓட்டை வழியாகக் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். அந்தக் கை கன்னியம்மாவின் கை. எஞ்சின் அவள் உள்ளங்கையை இழுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வண்டி நிற்கும். சந்து முழுவதும் அமைதியாகிவிடும். "நின்னுடுச்சு!" என்பாள். அந்த ஒரு நொடி அமைதிக்காக நான் வாரம் ஆறு நாளும் காத்திருந்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அவளிடம் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணமே காலியானபோது ராஜாமணி வீட்டார்கூட ஊருக்குப் போய்விட்டார்கள். நீயும் உன் அக்கா வீட்டுக்குப் போயேன் என்றேன். "நா போய்ட்டா ஞாயித்துக்கெழம யாரு கைய வெப்பா?" என்று கேட்டாள். போகவில்லை.

ஒரு ஐப்பசி மாதம் புயல் அடித்தது. ஊரூர் குப்பத்தில் கடல் உள்ளே வந்து குடிசைகளைக் கொண்டுபோய்விட்டது. அடுப்பு மூட்ட ஒரு இடம் இல்லாமல் ஜனங்கள் படகுகளுக்கு அடியில் கிடந்தார்கள். ஆழ்வார்பேட்டையில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து அரிசி மூட்டை கொடுத்தார்கள். கொண்டுபோக எங்கள் வண்டிதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் நடை போய் இறக்கினேன். மீதி மூட்டைகள் பட்டறையில் இருந்தன. "இருட்றதுக்குள்ள ரெண்டாவது நடை போயிடணும். அதுக்கப்புறம் ரோட்டுல தண்ணி ஏறிடும்" என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார்.

திரும்பி வரும்போது அடையாறு பாலத்தில் வண்டி இழுக்கவில்லை. கரி நனைந்திருந்தது. ஈரக்கரியின் பிசின் எல்லாம் நாரில் ஏறி அடைத்துக்கொண்டது. இருமி இருமி ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். காய்ந்த நார் வீட்டில் இருந்தது. பெட்ரோல் சொட்டுக்கூட இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சந்து முனையில் மாடு கட்டாமல் காலியாகக் கிடந்த ஒரு தகரக் கொட்டகை, மூன்று பக்கம் சுவர். அதற்குள் வண்டியைப் பின்னோக்கி விட்டேன்.

தீ அணைந்து இரண்டு மணி நேரம் என்று பாய் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தலைக்கு மேல் கூரை இருந்ததும் கண்ணுக்குத் தெரிந்தது. பசித்த ஜனங்கள் மழையில் கிடக்கிறார்கள், பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன். அடுப்பின் காற்று வாயை மட்டும் மூடிவிட்டுப் பீப்பாயைத் திறந்துவிட்டேன். கன்னியம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ போய் நார எட்த்துனு வா. அடுப்பு மேல பரண்ல காயுது. உன் கைக்குத்தான் எட்டும். நா பழச வழிச்சுப் போடறேன்" என்றாள்.

நான் போனேன். நாரைப் பரணிலிருந்து எடுத்து, நனையாமல் இருக்கக் கோரைப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை.

அவள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் குங்குமம் பூசின மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது. தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கை மட்டும் பீப்பாய்க்குள் இருந்தது.

நாரைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். தலை என் தோளில் இப்படியும் அப்படியும் ஆடியது. தெரு நடுவில் கிடத்திவிட்டு, "கன்னிம்மா! கன்னிம்மா!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். "காத்து வுடுங்க! தள்ளிப் போங்க!" என்று அவர்களையும் கத்தினேன். ஊமை என்று பேர் எடுத்தவன் கத்துவதைக் கேட்டுத்தான் விலகினார்கள்.

வண்டி வரவில்லையே என்று பாய் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தது அப்போதுதான். கொட்டகையைப் பார்த்தார், திறந்த பீப்பாயைப் பார்த்தார், எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. "குப்புறப் போடு. தலைய ஒரு பக்கமாத் திருப்பு. இடுப்புக்கு மேல ரெண்டு கையும் வெச்சு அமுக்கு. நா எண்றேன். அழாதே, அமுக்கு" என்றார். "ஏக்" என்றால் அமுக்கினேன். "தோ" என்றால் விட்டேன். ஏக், தோ, ஏக், தோ. மழைத் தண்ணீர் அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஓடியது. பாய் தன் தொப்பியைக் கழற்றி அவள் கன்னத்துக்குக் கீழே வைத்தார். எண்ணுவதை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, வேகமும் கூட்டவில்லை.

கடைசியில் ஒரு விக்கல் வந்தது. பிறகு வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறக்காமலே, "மூல இன்னும் அடைக்கலியே" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் கைக்குட்டையை எடுத்து அவள் வாயைத் துடைத்தார். அதை நாலாக மடித்தார். என் சட்டைப் பையில் வைத்தார்.

அப்புறம் வண்டியைத் தள்ளச் சொல்லித் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மழையிலேயே நின்று, ஓரத்திலிருந்து நடுவுக்கு நாரை அடைத்தார். தீயை மறுபடி ஊதி எழுப்பித் தானே ஓட்டிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் அரிசி குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கைக்குட்டையைத் துவைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். "வெச்சுக்கோ" என்றார். "ஃபில்டர் இனிமே வூட்டுக்குப் போவாது" என்றார். "சரி பாய்" என்றேன். பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில் ஒரு மேடை போட்டு, பீப்பாயில் நல்ல தண்ணீர் வரவழைத்தார். யுத்தம் முடிகிறவரை அங்கேதான் மாற்றினோம். ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் அடைத்தேன். அதை யாரிடம் கற்றேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

கன்னியம்மாவுக்கு ஒரு மாதம் தலைவலி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தை வெளியே கொண்டுவந்து வைத்தாள்.

"வண்டி வரலியா?"

"வராது. இனிமே பட்டறையிலதான்."

"ஓ" என்றாள். தாம்பாளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். நான் பழையபடி "இந்தா" என்று கூப்பிட்டேன். அவள் பழையபடி திரும்பிப் பார்த்தாள். சோறு போட்டாள், தின்றேன். பெட்ரோல் வந்தது. கரி அடுப்புகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். பாய் வேலையை விட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். எனக்கும் கரித்தூள் நெஞ்சில் தங்கி இருமல் நிலைத்துவிட்டது. ஐம்பது நிறைவதற்குள் டாக்டர் பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏழெட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே அறையில் இரண்டு பேர். கை சும்மா இருக்கிறது, வாயும் வரவில்லை.

போன மாதம் நீங்கள் மூன்று பேரும் வந்துவிட்டுப் போன பிறகு, காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே கன்னியம்மா கேட்டாள்: "அவங்க அந்த ஃபில்டரப் பத்தித்தானே கேட்டாங்க?"

"ஆமா."

"நா ஒண்ணு கேக்கட்டா? என் கையில வேல கெட்டுப்போச்சுன்னுதானே அப்புறம் வூட்டுக்குக் கொண்டாரவே இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தப்பு என்னுடையது. திறந்தது நான், கூரைக்குக் கீழே விட்டது நான், அவளை அதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனது நான். பயந்தது நான். அன்றைக்கு அவள் தலை என் தோளில் ஆடியதை நினைத்துத்தான் பாய் சொன்னதற்குச் சரி என்றேன். இதை எல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவும் எழுதியது அதற்காகத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் புது பிக்கப்பை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரை நாங்கள் கழுவி மாட்டித் தருகிறோம். இது பெட்ரோல் வண்டி, கரி காஸ் இல்லை, பயமில்லை. ஆனாலும் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். நடுத்தெருவில், வெயிலில் நிறுத்துங்கள். உங்கள் ஃபில்டரில் நார் கிடையாது, கம்பி வலைதான் என்று எனக்குத் தெரியும். மூலை அடைக்க ஒன்றும் இல்லையே என்று அவள் குறைப்படுவாள். ஆனால் கிண்ணத்தைக் கழுவி, வலையை அலசி, எண்ணெய் ஊற்றி மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் மெதுவாகச் செய்தால் இரண்டு மணி நேரம். அது போதும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிடுவேன்.

பாய் கொடுத்த கைக்குட்டை பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நீங்கள் குழாய்க்குள் விட்டுப் பார்க்கலாம்.

அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிச் சத்தம் சந்து முனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். தாம்பாளத்தை அவளே கொண்டுவருவாள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அவள் கையை வைப்பாள். வண்டி நிற்கும். அந்த அமைதியில், கத்தாமல், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறேன்.